ஈரம் பார்க்கப்பட்டது

சேசு மரி சூசை துணை

பென்னாகரம் வட்டம்
4-8-1987

அன்புள்ள பச்சியப்பனுக்கு,

ஞானராஜ் எழுதுவது. நாங்கள் இருக்கிறோம். வீட்டில் லூர்துமேரிக்கு முழங்கால் வலி குறைந்தபாடில்லை. எனக்கு ரிட்டயர் ஆக இன்னும் பதினான்கு மாதம். கோயம்புத்தூரில் மழை உண்டா? இங்கே வானம் மூடுகிறது, பெய்வதில்லை.

நர்சரிக்காரனான உன்னிடம் ஒரு யோசனை கேட்கத்தான் எழுதுகிறேன். சிரிக்காதே. எங்கள் ஸ்டேஷனில் இரண்டு செடிகள் காவலில் இருக்கின்றன. கஞ்சாச் செடி என்று எஸ்.ஐ. ஜூன் மாதம் பிடித்துக்கொண்டு வந்தார். மலையடிவாரத்தில் ராமக்காள் என்று ஒரு விதவை. வாரா வாரம் பாலக்கோட்டுச் சந்தையில் கீரை விற்கிறவள். வீட்டுப் பின்னால் இரண்டு மண்தொட்டியில் வளர்த்திருக்கிறாள். அது புளிச்சக்கீரை, புது ரகம் என்று மருமகன் விதை கொடுத்தான், இன்னும் ஒரு இலைகூடக் கிள்ளவில்லை என்கிறாள். மருமகன் பெங்களூர்ப் பக்கம் போனவன் திரும்பவில்லை. ஜாமீனுக்கு ஆளில்லாமல் அவள் வேலூர் ஜெயிலில் இருக்கிறாள்.

கஞ்சாவுக்கும் புளிச்சக்கீரைக்கும் இலை ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், உனக்குத் தெரியும். விவசாய ஆபீசர் வந்து பார்த்தார். இளஞ்செடியின் இலையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட மாட்டேன், பூக்கட்டும் என்று சொல்லிவிட்டார். மெட்ராசுக்கு அனுப்பிய இலை வழியிலேயே அழுகிவிட்டதாகப் பதில் வந்தது. ஆகவே, செடி பூக்கும்வரை உயிரோடு வைத்திருக்க வேண்டும் என்று மாஜிஸ்திரேட் உத்தரவு. கஞ்சா என்றால் புதுச் சட்டத்தில் ஐந்து வருடம் வரை போடலாம். கீரை என்றால் அன்றைக்கே விடுதலை. அவளுக்கு அறுபது வயதுக்குக் குறையாது.

இப்போது செடி பழுக்கிறது. அடி இலையில் ஆரம்பித்து மேலே மேலே மஞ்சளாகிறது. பூச்சி இல்லை. தண்ணீருக்குக் குறையே இல்லை. பாரா மாறும்போதெல்லாம் பொறுப்பேற்கிறவன் ஒரு குவளை ஊற்றி, 'தொண்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப்பட்டது' என்று நாட்குறிப்பில் எழுதிக் கையெழுத்திடுகிறான். வழக்கில் பிடித்த பொருளுக்கு எங்கள் பாஷையில் தொண்டி என்று பெயர். ஒரு நாளைக்கு மூன்று பாரா. இந்த ஸ்டேஷனில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிற ஒரே மாப்பிள்ளை இதுதான் என்கிறான் கான்ஸ்டபிள் அர்ச்சுனன். பிடித்த அன்று எழுதிய மகஜரில் இலைகளை எண்ணிக் குறித்திருப்பதால், உதிர்கிற இலையைப் பொறுக்கிக் கவரில் போட்டுவைப்பது என் வேலை. இன்றோடு பதினேழு.

என்ன செய்யலாம் என்று உடனே எழுது.

உன்
ஞானராஜ்


23-8-1987

அன்புள்ள பச்சியப்பனுக்கு,

உன் கார்டு வந்தது. நீ சொன்னபடி விரலை விட்டுப் பார்த்தேன். மேல் மண் காய்ந்திருக்கிறது, உள்ளே சேறு. முகர்ந்தால் சாக்கடை வாடை. வாடுகிறதே என்று நாங்கள் ஊற்ற ஊற்ற, ஊற்றியதால்தான் வாடியிருக்கிறது. வயிறு உப்பியவனுக்கு விருந்து வைத்த கதை.

தொட்டியின் அடியில் துளை இருக்கிறதா என்று கேட்டிருந்தாய். இருக்கிறது. ஆனால் செடியை யாரும் மாற்றிவிடக் கூடாதென்று, பிடித்த அன்றே தொட்டியைத் தார்ப்பாய்த் துண்டால் இறுகச் சுற்றி, அடியில் முடிச்சுப் போட்டு, முடிச்சின் மேல் ஒரு கை அரக்கு ஊற்றி முத்திரை வைத்திருக்கிறார்கள். தண்ணீர் எங்கே போகும்?

முத்திரையைப் பிரிக்கலாமா என்று எஸ்.ஐ.யைக் கேட்டேன். கோர்ட்டைக் கேட்க வேண்டும் என்றார். கோர்ட்டில் மனுப் போட்டு உத்தரவு வாங்க இரண்டு வாரம் ஆகுமாம். அதற்குள் ஒரு செடி செத்துவிட்டது. வேர் கறுத்து, இழுத்தால் நூல் மாதிரி கையோடு வந்தது. அதற்கும் ஒரு ரிப்போர்ட் எழுதினேன்.

மற்றதற்கு நானே ஒன்று செய்தேன். குடைக்கம்பியைக் காய்ச்சி, அரக்கைத் தொடாமல் ஓரமாகத் தார்ப்பாயில் ஒரு ஓட்டை போட்டேன். கறுப்புத் தண்ணீர் அரைப் படி இறங்கியது. முப்பது வருட சர்வீசில் இந்த மாதிரி ஒரு காரியம் செய்ததில்லை.

தண்ணீர் ஊற்றாதே என்று பையன்களிடம் சொன்னால், நாட்குறிப்பில் என்ன எழுதுவது என்று கேட்கிறார்கள். 'ஈரம் பார்க்கப்பட்டது' என்று எழுதச் சொன்னேன். இப்போது மூன்று பாராவும் விரலை விட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறது. நாலைந்து நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணீர்.

வியாழக்கிழமை ராமக்காளைக் கோர்ட்டுக்குக் கூட்டிவந்திருந்தார்கள். ரொம்ப இளைத்திருக்கிறாள். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "எஞ் செடி உசுரோட இருக்குதுங்களா?" என்றுதான் கேட்டாள். ஒன்று இருக்கிறது என்றேன். புளிச்சப் பூ மஞ்சளாக இருக்கும், நடுவில் மட்டும் ரத்தச் சிவப்பு, கோர்ட்டய்யா கண்ணால் பார்த்தாலே விட்டுவிடுவார் என்று சொல்லிக்கொண்டே போனாள்.

ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டால் புளிக்கிறதா இல்லையா என்று எனக்கே தெரிந்துவிடும். எண்ணி வைத்த இலை என்று சாக்குச் சொல்லிக்கொள்கிறேன். உண்மையில், தெரிந்துகொள்ளத் தைரியம் வரவில்லை.

உன்
ஞானராஜ்


20-9-1987

அன்புள்ள பச்சியப்பனுக்கு,

லூர்துமேரியைத் தருமபுரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வந்தேன். தைலமும் மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள். மாடிப்படி ஏறக் கூடாதாம். எங்கள் குவார்ட்டர்ஸில் மாடியே இல்லை.

உன் வைத்தியம் பலித்துவிட்டது. பழுப்பெல்லாம் நின்று, கணுவுக்குக் கணு புதுத் துளிர். நல்ல பச்சை. இரண்டரை அடி இருக்கிறது. இப்படி ஒரு செடியை நான் வளர்த்ததில்லை.

நான்கு நாளாக மொட்டு வைக்கிறது. கடுகளவு. இதழ் மாதிரி எதுவும் இல்லை. தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. விரலை முகர்ந்து பார்த்தேன். எத்தனை பேருடைய சட்டைப்பையைச் சோதித்திருக்கிறேன், அந்த வாடை எனக்குத் தெரியாதா? சோப்புப் போட்டுக் கழுவியும் சாப்பிடும்போது இருந்தது. அவள் பொய் சொல்லவில்லை, பச்சியப்பன். கீரை என்று நம்பித்தான் விதைத்திருக்கிறாள். ஆனால் மாஜிஸ்திரேட் முன்னால் நிற்கப்போவது செடி. அவள் நம்பிக்கையை எந்தத் தொட்டியில் வைத்துக் காட்டுவது?

அக்டோபர் ஐந்தாம் தேதி செடியைக் கோர்ட்டில் காட்ட வேண்டும். அதற்காக நேற்று எஸ்.ஐ. தொட்டியைத் தூக்கிப் பார்த்தார். ஓட்டையைக் கண்டுவிட்டார். கோபப்படவில்லை. ஏட்டையா, நீங்கள் பென்ஷன் வாங்க வேண்டாமா என்று மட்டும் கேட்டார். பிறகு அரக்கை உருக்கி அவர் கையாலேயே அடைத்தார். ஒரு சொட்டு வெளியே போகாது.

இன்று காலை பாரா மாறும்போது அர்ச்சுனன் குவளையோடு வந்து நின்றான். வெயிலில் மேல் மண் காய்கிறது, பழையபடி ஊற்றிவிடட்டுமா ஏட்டையா என்று கேட்டான். அவனுக்குச் செடிமேல் பிரியம் வந்துவிட்டது. விரலை விட்டுப் பார் என்று சொல்ல வாய் வரை வந்தது. நான் பேனாவுக்கு மை போட்டுக்கொண்டிருந்தேன். ஊற்று என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவன் ஊற்றினான். நாட்குறிப்பில் எழுதி, வழக்கம்போல் கையெழுத்தும் போட்டான். மத்தியானப் பாராக்காரன் அதைப் படித்துவிட்டுத் தானும் ஒரு குவளை ஊற்றினான்.

ஐந்தாம் தேதிக்கு இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது. மொட்டு கடுகளவிலேயே கருகிவிட்டால், அது என்ன மொட்டென்று எந்த ஆபீசராலும் சொல்ல முடியாது என்று நினைக்கிறேன். இது சரியா என்று நான் உன்னைக் கேட்கவில்லை. நீ பதில் எழுதினால் அதன்படி நடக்க வேண்டியிருக்கும்.

எப்படி ஆனாலும் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகப்போகிறவன் நான்தான். பூத்ததா என்று அவள் முதலில் என்னைத்தான் கேட்பாள்.

உன் நாற்றுகளையும் பிள்ளைகளையும் மாதா காக்கட்டும். அந்த அம்மாளுக்காக உன் சாமியிடமும் ஒரு வார்த்தை சொல்லிவை. அடுத்த கடிதத்தில் எதை வேண்டுமானாலும் எழுது. செடி எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்காதே.

உன்
ஞானராஜ்