மீன் பெட்டி நிறைந்தால் போகும் பியூஸ்

இன்று காலை உம்மா என் சட்டையைத் தோய்க்க எடுத்தபோது பொக்கட்டிலிருந்து உன் டெஸ்ட் பல்ப் விழுந்தது. பழைய சிக்னல் லைட்டிலிருந்து நீ கழற்றிய சின்ன பல்ப், ஒரு முழ நீளத்தில் இரண்டு வயர், ஒன்றின் நுனியில் கிளிப், மற்றதன் நுனியில் தையல் ஊசி. ஊசி உம்மாவின் விரலில் ஏறிவிட்டது.

"என்ன சாமான்டா இது? ஆரக் கொல்லப் போறாய்?"

"அது அவன்ட, உம்மா."

உம்மா பேச்சை நிறுத்திவிட்டா. பல்பை முந்தானையில் துடைத்து ஜன்னலில் வைத்துவிட்டுப் போனா. உன்னைப் பற்றிச் சொன்னால் இப்போது எல்லோரும் இப்படித்தான் வாயை மூடிக்கொள்கிறார்கள். உன் வாப்பாவின் பைக்கைப் பற்றிப் பேச்சு வந்தபோது மட்டும் திறந்துகொண்டார்கள்.

அதைத்தான் எழுதுகிறேன். எனக்குக் கோபம், மச்சான். ஒருவர் மேல் என்றால் பரவாயில்லை, ஒரு வரிசையே நிற்கிறது. அந்த வரிசையில் நீயும் நிற்கிறாய். உன் முறை வரும், பொறு.

ஐந்து நாள் காய்ச்சலில் நீ போனாய். நாற்பதாம் நாள் முடியும் முன்பே உன் வாப்பா, என் மாமா, மறுபடி மீன் ஏற்றத் தொடங்கினார். சாய்ந்தமருதுக் கடற்கரையில் ஐஸ் பெட்டியை நிரப்பிக்கொண்டு சொறிக்கல்முனைக்குப் போகும் அதே பாதை, அதே ஹோன்: இரண்டு குட்டை, ஒரு நெட்டை. அந்தச் சத்தம் கேட்டால்தான் அங்குள்ள பெண்கள் சட்டியோடு வாசலுக்கு வருவார்கள். மூன்றாம் நாள் வயல் நடுவில் ஒரு மாடு குறுக்கே வந்தது. மாமா பிரேக்கை மிதித்தார். பைக் செத்துப் போனது. எஞ்சின் இல்லை, லைட் இல்லை, ஹோன் இல்லை. நிறைந்த பெட்டியோடு வெயிலில் தள்ளிக்கொண்டு வந்தார். பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் வழி நெடுகச் சொட்டியதாம். புதுப் பியூஸ் போட்டார், ஓடியது. அடுத்த நாளும் அதே வயல், அதே தள்ளல்.

பிறகு கராஜுக்குக் கொண்டுபோனார். அங்கே இருப்பவரை எல்லோரும் பாஸ் என்கிறார்கள். எந்தப் பாடத்தில் பாஸ் என்று எனக்குத் தெரியவில்லை. மனிதர் சீட்டைக் கழற்றினார், நீ கலர் கலராகக் கட்டி வைத்திருந்த வயர்களைப் பார்த்தார், அவ்வளவுதான். காக்கா என்று அண்ணன் முறை வைத்துத்தான் தொடங்கினார்.

"காக்கா, இதெல்லாம் உங்கட புள்ளட வேல. வெட்டி ஒட்டி விளையாடியிரிக்கான். முழு வயரிங்கும் மாத்தணும். இல்லாட்டித் தள்ளி உடுங்க, ஆருக்காவது."

"ஓம்," என்றார் உன் வாப்பா. "அவன் எந்நேரமும் அதுக்குள்ளதான் கிடந்தான்."

திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. 'ஓம்' என்றார். அவ்வளவு மெதுவாக.

அஸர் தொழுகைக்குள் தேத்தண்ணிக் கடைக்குச் செய்தி வந்துவிட்டது. மூலையில் எந்நாளும் உட்கார்ந்திருக்கும், மரம் விற்கும் அந்த மரக்காலைக்காரர் சொன்னார்: "புள்ள போகக்குள்ள பைக்கயும் மவுத்தாக்கிட்டுத்தான் போயிருக்கான்." நாலு பேர் சிரித்தார்கள். ஊரில் எவன் சறுக்கி விழுந்தாலும் முதலில் சிரிப்பவன் நான். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன ஜும்ஆவில் முன் வரிசையில் உட்கார்ந்து, மவுத்தாகி மண்ணுக்குள் போனவர்களின் குறையைப் பேசாதீர்கள் என்பதற்குத் தலையாட்டியவர் அவர். எதிர்த்துக் கேட்க உனக்கு வாய் இல்லை என்ற தைரியம். அவர் திரும்பிய நேரம் தேத்தண்ணிக்குள் உப்பைப் போட்டேன். இரண்டு கரண்டி. அல்லாஹ் மன்னிக்கட்டும், மூன்றாவதற்கு நேரம் கிடைக்கவில்லை.

அதற்குள் மாமா பைக்கை விற்கப் பேசிவிட்டார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிய அக்கரைப்பற்றிலிருந்து ஆள் வருவதாக ஏற்பாடு. அவரிடமும் சொல்லத்தானே வேண்டும், ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டால்? பைக்கோடு சேர்ந்து உன் கெட்ட பெயரும் அக்கரைப்பற்றுக்குப் போகப் போகிறது. புதன்கிழமையே உன் வீட்டுக்குப் போனேன்.

"மாமா, ஒருக்கா நான் பாக்கட்டா?"

"நீயுமா? ஒருத்தன் பாத்தது போதும், மகன்."

சொன்னாரே தவிர, பைக்கின் திறப்புக் கொத்தை எடுத்து மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

உனக்கு ஒரு பழக்கம் இருந்ததே. பைக் நின்றால் நான் ஸ்க்ரூட்ரைவரைத் தூக்குவேன், நீ என் கையைத் தட்டிவிடுவாய். "ஏன் நிண்டிச்சு எண்டு தேடாத. எப்ப நிண்டிச்சு எண்டு கேளு." வாழைப்பழத் தோலில்கூட விசாரணை வைப்பவன் என்று உன்னைக் கேலி பண்ணியிருக்கிறேன். அன்று உள்ளே எட்டிப் பார்த்து அதையே கேட்டேன்.

"போகக்குள்ளதான்," என்றார் மாமா. "பிரேக்கப் புடிச்சாப் போயிரும். வரக்குள்ள ஒருநாளும் நிண்டதில்ல."

போகும்போது பெட்டி நிறைய மீன், வரும்போது வெறும் பெட்டி. கராஜில்? அங்கே நாறுகிறது என்று பெட்டியையே இறக்கி வைத்துவிட்டார்கள்! நோயாளியை வீட்டில் விட்டுவிட்டு அவனுடைய சட்டைக்கு மருந்து எழுதிய பாஸ்.

வீட்டு வளவில் கிடந்த மணலை அள்ளிப் பெட்டியை நிரப்பினேன். பைக் பின்னால் அமுங்கியது. பிரேக்கை மிதித்தேன். பட். பியூஸ் போனது. மணலைக் கொட்டினேன், புதுப் பியூஸ் போட்டு மிதித்தேன். ஒன்றும் இல்லை. மறுபடி மணல், மறுபடி பட். கத்த வேண்டும் போல் இருந்தது. கத்தினால் கேட்க நீ இல்லை.

பிறகு நீ செய்வது போல, உன் சாமான் பெட்டியிலிருந்து உன் டெஸ்ட் பல்பை எடுத்துப் பியூஸ் இருக்கும் இடத்தில் மாட்டினேன். பிரேக்கில் ஒரு செங்கல்லை வைத்தேன். பல்ப் பளிச்சென்று எரிந்தது. எங்கோ ஒரு வயர் இரும்பில் தொடுகிறது என்று அர்த்தம். ஒவ்வொரு வயராகத் தூக்கிப் பார்த்தேன். நீ கட்டியவற்றில் ஒன்றுகூட அசையவில்லை. பின் மட்கார்ட்டுக்கு மேல் ஓடும் பிரேக் லைட் வயரைத் தூக்கியதும் பல்ப் மங்கியது. பெட்டி கனத்தால் அந்த இடம்தான் அமுங்கி இரும்பில் படுகிறது. விரலை விட்டுத் தடவினேன். மீன் தண்ணீரில் ஊறி வழுக்கிக்கொண்டு ஏதோ கையோடு வந்தது.

காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர்.

எங்கள் வீட்டுப் பிளாஸ்டர், மச்சான். உம்மாவின் பிஸ்கட் டின்னில் இருப்பது. அதற்குள்ளே செம்பு பச்சை பூத்துக் கிடந்தது.

போன நோன்புக்கு முந்திய பகிடி அது. உனக்கும் சொல்லாமல், பிரேக் லைட் வயரின் தோலைப் பல்லால் கடித்து உரித்து, அங்கிருந்து ஹோனுக்கு ஒரு வயரைக் கொடுத்தேன். பள்ளிவாசல் திருப்பத்தில் அஸர் முடிந்து ஆட்கள் வெளியே வர, உன் வாப்பா மரியாதையாகப் பிரேக் பிடித்தார். ஹோன் அலறியது. பயந்து இன்னும் அழுத்தினார், அது இன்னும் அலறியது. "காக்கா, வழி உடுறம், கொஞ்சம் பொறுங்க!" என்று பாங்கு சொல்லும் முஅத்தின் கையெடுத்துச் சொன்னார். நான் மதிலுக்குப் பின்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன்.

நீ பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தாய். ஹோனை அழுத்தினாய், பின்னால் பிரேக் லைட் எரிந்தது. பைக்கைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாய். "கழட்டு," என்றாய். கழற்றிக்கொண்டிருக்கும்போதே உன் வாப்பா வந்து நின்றார்.

"ஆர் செஞ்ச இத?"

"நான்தான் வாப்பா. ஹோன் சத்தத்தக் கூட்டலாமா எண்டு பாத்த."

அடி உனக்கு விழுந்தது. மாமா போன பிறகு நீ என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாய்: "சுத்தினியா?" ஓம் என்றேன். வயருக்கு ஒட்டும் கறுப்பு ரேப் முடிந்திருந்தது, உரித்த இடத்தில் பிளாஸ்டரைச் சுற்றிவிட்டு, நாளைக்கு ரேப் போடலாம் என்று நினைத்தேன். அந்த நாளைக்கு வரவே இல்லை.

இப்போது உன் முறை. யார் உன்னை 'நான்தான்' என்று சொல்லச் சொன்னது? நான் கேட்டேனா? பெரிய தியாகி! அந்த ஒரு சொல்லால்தானே உன் வாப்பா கராஜில் 'ஓம்' என்றார்? அன்றைக்கு அடியை எனக்கு விட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். சண்டை பிடிக்கவும் ஆள் இல்லாமல் போய்விட்டாய். அதற்கும் சேர்த்துக் கோபம்.

சத்தமில்லாமல் சுற்றிவிட்டு, கண்டுபிடித்தவன் என்று நெஞ்சை நிமிர்த்தியிருக்கலாம். நினைக்காமல் இல்லை. பிளாஸ்டரை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

"மாமா, இது நான் செஞ்ச. அந்த ஹோனும் நான்தான். அவனுக்கு ஒண்டும் தெரியா."

பிளாஸ்டரை வாங்கி விரலால் பிரித்துப் பார்த்தார்.

"அப்ப அவன் எனக்கிட்டப் பொய் சொன்னானா?"

"ஓம் மாமா. எனக்காக."

"கள்ளன்," என்றார். வாய் சிரித்தது, கண் சிரிக்கவில்லை. "நான் அவனுக்கு அடிச்சயே, மகன்."

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். "வா. கடைக்கு வந்து சொல்லு. எல்லாரும் இருக்கக்குள்ள சொல்லு."

சொன்னேன். தேத்தண்ணிக் கடையில், நின்றுகொண்டு, முழுவதையும். யாரும் சிரிக்கவில்லை. மரக்காலைக்காரர் கோப்பையை வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப அண்டைக்கு அந்த உப்பு?"

"அதும் நான்தான்."

வெள்ளிக்கிழமை அக்கரைப்பற்று ஆள் வந்தார். "விக்கிறதில்ல," என்றார் மாமா, காரணம் சொல்லாமல். இன்று காலை பெட்டி நிறைய மீனோடு போயிருக்கிறார். இரண்டு குட்டை, ஒரு நெட்டை; எங்கள் வீட்டைத் தாண்டும்போது கேட்டது. பல்பை ஜன்னலிலிருந்து எடுத்து மறுபடி பொக்கட்டில் போட்டுக்கொண்டேன். இந்த முறை ஊசி முனையில் ஒரு துண்டு ரப்பர்.

நீ கேட்டதற்கு அன்று நான் சொன்ன பதில் பொய். இப்போது கேள்.

சுற்றினேன், மச்சான். ரேப்தான். மூன்று சுற்று.