பெரட்டுக்குப் போகாத வேலை

அன்பு மகள் சசிரேகாவுக்கு, அப்பா தங்கையா மனம் நிறைந்த ஆசியோடு எழுதுவது. இங்கே தேயிலைத் தோட்டத்து மலையில் நானும் உன் அம்மா நவமணியும் முருகன் துணையில் குறையில்லாமல் இருக்கிறோம், அம்மாவின் கால் எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, கோலை மூலையில் சாய்த்துவிட்டு லயத்து வீட்டு வரிசையில் கடைசி வீடுவரை தானே நடந்து போய்ப் பாஞ்சாலையோடு ஊர்க்கதை பேசிவிட்டு வருகிறாள், கால் உடைந்தபோதும் அவள் வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் உனக்குத் தெரியுமே. கடல் தாண்டிக் கூச்சிங்கில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இந்த மனுசன் போனில் பேசாமல் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். நீ போய் மூன்று வாரம் ஆகிறது, அம்மாவிடம் தினமும் அரை மணி நேரம் பேசுகிறாய், என்னிடம் மட்டும் சாப்பிட்டீர்களா என்று கேட்பதோடு சரி. தப்பு என் மேல்தான் இருக்கிறது. அதைச் சொல்ல நாலு தடவை வாய்ஸ் மெசேஜ் பேசினேன், நாலையும் அழித்துவிட்டேன். எழுதினால் அழிக்க முடியாது என்று பேனாவை எடுத்திருக்கிறேன்.

அம்மா சறுக்கில் விழுந்தபோது நீ இரண்டு மாதம் வந்து இருந்தாயே, அப்போது நடந்ததைத்தான் சொல்கிறேன். கம்பெனியில் லீவு கொடுத்தார்களா என்று கேட்டதற்கு, லீவு இல்லப்பா, இங்கேருந்தே வேலை செய்வேன் என்றாய். நான் தலையை ஆட்டினேனே தவிர ஒன்றும் புரியவில்லை. முப்பத்தொரு வருசமாகக் காலை ஆறு மணிக்குப் பெரட்டுக் களத்தில் நின்று பேர் கூப்பிடுகிறவன் நான், கூப்பிட்ட பேருக்கு எதிரே ஆள் நின்றால் அவனுக்கு வேலை, நிற்காவிட்டால் வேலையில்லை, எனக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான். நீயோ சுவெட்டரைப் போட்டுக்கொண்டு முன் அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாய். ஒரு வாரம் பார்த்துவிட்டுப் பாஞ்சாலை, என்னா கங்காணியண்ணே, சசிக்கு வேலை போயிருச்சா, நம்மகிட்ட மறைக்குதா என்று கேட்டாள். போ புள்ள, வேற வேலையில்ல உனக்கு என்று அவளை விரட்டிவிட்டேன், ஆனால் அந்தப் பேச்சு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. நீ எப்போதும் சுவரில் முதுகை வைத்து உட்கார்ந்தாய், நான் காப்பி கொண்டுவந்தால் கம்ப்யூட்டர் மூடியைச் சாய்த்தாய். பிள்ளை எதையோ மறைக்கிறது, வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள், அப்பன் மனசு நோகும் என்று நாடகம் ஆடுகிறது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

புயல்மழையில் இண்டர்நெட் போன அந்த நாளை நினைத்துப் பார். நீ முகம் வெளுத்துப்போய், அப்பா உடனே கம்போங் ராஜா டவுனுக்குப் போவணும் என்றாய். கொழுந்து எடுக்கிறவர்கள் இடுப்பில் கட்டுகிற பிளாஸ்டிக்கை எடுத்துக் கம்ப்யூட்டரைச் சுற்றி, என் முதுகுக்கும் உன் நெஞ்சுக்கும் நடுவே வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போனோம். அந்தக் காப்பிக் கடையில் காலை ஒன்பது மணியிலிருந்து சாயங்காலம் வரைக்கும் நீ எழுந்திருக்கவில்லை. எதிரே உட்கார்ந்து நான் மூன்று கிளாஸ் தே தாரிக் டீ குடித்தேன், கோபம் கோபமாக வந்தது. நீ காதில் மாட்டிக்கொண்டு ஒருத்தரிடம் இங்கிலீசில், இன்னொருத்தரிடம் மலாயில், ஈப்போக்காரப் பிள்ளை ஒன்றிடம் தமிழில் பேசினாய். பதறாத, உன் பக்கத்துல திறக்கலன்னா விட்டுரு, மீரியில இருக்கறவங்க அதே கணக்கைத் திறந்துட்டாங்க, அவங்க முடிக்கட்டும், நீ அடுத்த கம்பெனியைப் பாரு என்று நீ சொன்னது எனக்கு இப்போதும் காதில் கேட்கிறது. பக்கத்து மேசையில் இருந்த லோரிக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டு உன்னையே பார்த்தார்கள். அன்றைக்கு முப்பத்தெட்டுக் கம்பெனிகள் அரசாங்கத்துக்குக் கணக்குக் கொடுக்கக் கடைசி நாள் என்பதும், ஐந்து ஊரில் இருந்த ஆறு பேரை அந்த ஈர நாற்காலியிலிருந்து நீ நடத்திக்கொண்டிருந்தாய் என்பதும் அப்போது எனக்கு எங்கே தெரியும், நீ போன பிறகு அம்மாதான் விவரமாகச் சொன்னாள். வேலை கேட்டு நாலு இடத்தில் பேசிப் பார்க்கிறது பிள்ளை என்று நினைத்தேன் சசி. முட்டாள்தனத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா!

அதற்கு மறுநாள்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். சட்டையை மாற்றிக்கொண்டு மேனேஜர் புவனேஸ்வரன் முன்னால் போய் நின்று, தொரை, என் மகளுக்கு நம்ம ஆபீசுல கணக்கு எழுதுற கிராணி வேலை ஒண்ணு போட்டுக் குடுங்க, அக்கவுண்ட்ஸ் படிச்ச புள்ள என்று கேட்டேன். எனக்காக நான் ஒருநாளும் அவரிடம் எதையும் கேட்டதில்லை. பார்க்கலாம் கங்காணி என்றார், அதையே பெரிய வரமாக நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து உன்னிடம் சொன்னேன். நீ முதலில் சிரித்தாய், பிறகு நான் விளையாடவில்லை என்று தெரிந்ததும் உன் முகம் சுருங்கிப்போனது. அப்பா, எனக்குக் கீழ ஆறு பேரு இருக்காங்கப்பா என்று மட்டும் சொன்னாய். அதோடு விட்டாயா, கம்பெனியில் கேட்டாச்சு, இனிமேல் இங்கேயே இருந்து வேலை செய்யலாம் என்று சொல்லிவிட்டார்கள், நான் வந்துவிடட்டுமா என்றும் கேட்டாய். எனக்கு அவமானம் தலைக்கேறி, படிச்சு வெளிய போன புள்ள லயத்துக்குத் திரும்பி வந்தா ஊரு சிரிக்கும், இங்க திரும்பி வந்ததெல்லாம் வேலை போனதும் புருசன் விட்டதும்தான், நீ போயிரு என்று கத்தினேன். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் ஏறும்போது நீ திரும்பிப் பார்க்கவில்லை, நானும் கையை ஆட்டவில்லை.

போன வாரம் மேனேஜர் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். கிராணி மேசை காலியாகக் கிடந்தது. கங்காணி, மன்னிக்கணும், அந்த வேலையே இனிமே இங்க இல்ல லா, கணக்கு எல்லாம் கிளவுட்டுக்குப் போயிருச்சு என்று சொல்லித் தன் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். காலையில் நான் நிறுத்த கொழுந்து, என் தராசில் விழுந்த அதே எடை, அதில் இருந்தது சசி! அதை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டேன். ஓர் அம்மா தைப்பிங்கில் தன் வீட்டிலிருந்து பார்க்கிறாராம், ஒரு பையன் சிகாமட்டில் இருக்கிறானாம், ஒருத்தர் செய்கிற திருத்தம் அடுத்த நிமிசமே மற்றவருக்குத் தெரியுமாம். அலமாரியும் கிடையாது, சாவியும் கிடையாது, கடவுச்சொல்லும் போனுக்கு வருகிற நம்பரும் இருந்தால்தான் உள்ளே விடும், அடுத்தவர் கண்ணில் படாமல் உட்கார்ந்துதான் திறக்க வேண்டும், ஊரார் கம்பெனி ரகசியம் இல்லையா என்றார். எனக்கு உன் முதுகும் சுவரும் ஞாபகம் வந்து அங்கேயே கண் கலங்கிவிட்டது. நீ ஆறு பேரை நடத்துவதை அவரிடம் சொன்னேன், அவர் தண்ணீர் கொடுத்துவிட்டு, உங்க மக ஆறு பேரை வச்சு நடத்துறாங்கன்னா அவங்களுக்குக் குடுக்கற அளவு பெரிய வேலை எங்கிட்ட இல்ல கங்காணி என்றார். அந்த வார்த்தையை வீட்டுக்கு வந்து அம்மாவிடம் மூன்று தடவை சொன்னேன், நாலாவது தடவை, கேட்டாச்சு போய்ச் சோத்தைத் தின்னுங்க என்கிறாள்.

நேற்றுப் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடித்ததும் நான் எல்லாரையும் நிற்கச் சொன்னேன். நம் ஆட்கள் நாலைந்து பேர், மற்றதெல்லாம் வங்காளப் பையன்கள், அவர்களுக்கு என் மகளைப் பற்றி என்ன, இருந்தாலும் தமிழிலும் மலாயிலும் சொன்னேன். எம் மக வேலை போய் வரல, வேலையோட வந்துருந்துச்சு, கூப்பிட்டா மறுபடியும் வேலையோடதான் வரும், அத வேண்டாம்னு சொன்னவன் நான்தான், புத்திகெட்டவன் என்றேன். பாஞ்சாலை வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பையன்கள் கை தட்டினார்கள், எதற்கென்று அவர்களுக்கே தெரியாது.

பிறகு மேனேஜரிடம் போய் இரண்டாவது தடவையாக ஒன்று கேட்டேன், ஆபீஸ்வரை வந்திருக்கிற நல்ல இண்டர்நெட் லைனை நம் லயத்துக்கும் இழுக்க அனுமதி. சரி என்று உடனே சொல்லிவிட்டார். போனிலேயே விண்ணப்பம் போடலாம் என்றார், நான்தான் அச்சடித்து வாங்கிக்கொண்டேன், நீ சிரிக்காதே. அதை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். உன் பேர், என் பேர், அடையாளக் கார்டு நம்பர் எல்லாம் நிரப்பிவிட்டேன். தொழில் என்ற இடத்தில் அக்கவுண்டண்ட் என்று எழுதியிருக்கிறேன். வேலை செய்யும் இடம் என்ற கட்டத்தில் நம் வீட்டு நம்பரை எழுதியிருக்கிறேன். கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் விட்டிருக்கிறேன், போடுவதும் போடாததும் உன் இஷ்டம், அங்கேயே இருப்பதுதான் நல்லது என்று உனக்குப் பட்டால் அங்கேயே இரு, இந்த முறை நான் வாயைத் திறக்க மாட்டேன்.

கண்ணுக்கு அடிக்கடி ஓய்வு கொடு, ஒரேயடியாக உட்காராதே, அம்மா வைத்திருக்கிற ரசப்பொடியையும் தேயிலைத்தூளையும் பார்சலில் பார்த்து எடுத்துக்கொள். முருகன் உன்னை எந்நாளும் காக்கட்டும், எங்கே இருந்தாலும் நீ தலை நிமிர்ந்து இருக்க எங்கள் இரண்டு பேரின் ஆசியும் உண்டு. விண்ணப்பத்தில் பேனாவால்தான் கையெழுத்துப் போட வேண்டும், மறந்துவிடாதே.

இப்படிக்கு,
ஆறு பேரை நடத்துகிற சசிரேகாவின் அப்பா,
தங்கையா கங்காணி