நாம் சந்தேகப்பட்டே ஓட்டிய கரி பஸ்

பாய்,

இன்று காலை ஆரப்பாளையத்தில் இஸ்திரிக்காரர் ஒருவர் பெட்டிக்குள் கரியை விசிறிக்கொண்டிருந்தார். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் நீங்கள் பக்கத்தில் நிற்பதுபோல் இருந்தது. நீங்கள் மௌத்தாகி வருஷங்கள் ஆகிவிட்டன.

அது யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் நின்றுபோயின. கரியை எரித்து வரும் வாயுவில் வண்டியை ஓட்டிக் காட்டுங்கள் என்று முதலாளி நம் இருவரையும் சேர்த்துவிட்டார். நீங்கள் மில்லில் பாய்லர் பார்த்தவர், நெருப்பு தெரியும். நான் மெக்கானிக், எஞ்சின் தெரியும். அவர் சேர்த்தாரே தவிர, நாம் சேரவில்லை. தொழிலைத் தெரிந்துகொண்டு போட்டிக் கம்பெனிக்குப் போய்விடுவான் என்று நீங்கள் என்னை நினைத்தீர்கள். நானும் உங்களை அப்படித்தான் நினைத்தேன். பஸ்ஸின் பின்னால் பொருத்தியிருந்த கரி உலை மூடியின் போல்ட்டில் நீங்கள் கறுப்பு நூல் கட்டியிருந்ததை ஒருநாள் பார்த்துவிட்டேன்.

"என்ன பாய் இது?"

"நான் இல்லாதப்ப தெறந்தா அறுந்துரும்ல தம்பி, அதான்."

சிரிக்காமல் சொன்னீர்கள். மறுநாளே நான் எஞ்சின் மூடிக்குப் பூட்டு வாங்கினேன்.

அந்த லட்சணத்தில் வண்டியை ரோட்டில் விட்டோம். வாடிப்பட்டியிலிருந்து திரும்பும்போது நடுவழியில் முக்கி நின்றது. உள்ளே பிரசவ வலியோடு ஒரு பெண். அவள் தாய் இறங்கிவந்தாள். "ஆளுக்கொரு பக்கம் நின்னா எப்புடிய்யா? எம்மகள ஆஸ்பத்திரில சேக்க வேணாமா?"

நீங்கள்தான் முதலில் நூலை அறுத்தீர்கள். நான் பூட்டைத் திறந்தேன். வாயு வரும் குழாயைத் தொட்டதும் என் விரல் பொத்துப்போனது.

"இம்புட்டுச் சூடாவா எஞ்சினுக்கு விடுறீங்க?"

"சூடு இருந்தாத்தான பலம்?"

"அது பாய்லருக்கு பாய். எஞ்சினுக்கு ஆறித்தான் போகணும்."

"காரணத்தச் சொல்லுங்க, அப்புறம் செய்யுறேன்."

சூட்டில் வாயு விரிந்துவிடும், எஞ்சினுக்குள் போதுமானது நுழையாது என்றேன். நீங்கள் வாய்க்காலில் சாக்கை நனைத்துவந்து குழாயில் சுற்றினீர்கள். வண்டி கிளம்பியது. அந்தப் பெண் சுகமாகப் பிள்ளை பெற்றாள் என்று பிறகு சேதி வந்தது.

குழாயை நீட்டி, காற்றுப்படும்படி வண்டிக்கு அடியில் கொண்டுபோகும் யோசனை உங்களுடையது. எனக்கு அது தோன்றியிருக்காது. ஆனாலும் மறுவாரம் போல்ட்டில் புது நூல் இருந்தது. நானும் பூட்டை எடுக்கவில்லை.

இப்போது என் பட்டறையில் இரண்டு பேர், ஒரே இடத்தில் தொழில் பழகியவர்கள். ஒருவர் சொன்னதற்கு மற்றவர் காரணம் கேட்காமலே தலையாட்டுகிறார். அந்த ஒற்றுமையை எல்லோரும் மெச்சுகிறார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. போன வாரம், கிணற்று பம்பு பார்க்கும் ஒருவரை அவர்களோடு சேர்த்துவிட்டேன். வந்த அன்றே மூவருக்கும் வாக்குவாதம். நிம்மதியாகச் சாப்பிடப் போனேன், பாய்.