பேனரில் இல்லாத முகங்கள்

18 டிசம்பர் 2007

சர்வர் இன்றைக்கும் நிரம்பிவிட்டது. காதுகுத்து பேனர் ஒன்றை சேவ் பண்ணப் போன சிவபாண்டி, “எடமில்லைங்குது ஸ்வப்னா” என்று அவன் சீட்டிலிருந்தே கத்தினான். கடையில் ஒரு ஃப்ளெக்ஸ் மெஷின், நாலு கம்ப்யூட்டர், எல்லார் வேலையும் வந்து சேருகிற ஒரு சர்வர். சர்வருக்கு நான் பொறுப்பு. எம்.சி.ஏ. முடித்துவிட்டு அவனியாபுரத்தில் பேனர் கடையில் உட்கார்ந்திருக்கிறேனே என்று விளாங்குடி வீட்டில் அம்மா தினமும் ஒரு பாட்டம் புலம்புவாள். இன்றைக்கு அவளோடு சேர்ந்து நானும் புலம்பினேன்.

19 டிசம்பர்

பாட்டு, சினிமா ஸ்டில் எல்லாவற்றையும் அழித்தேன். என் பாட்டுகளையும்தான். சாயங்காலம் மறுபடி ஃபுல்.

21 டிசம்பர்

கணக்கு உதைக்கிறது. ஆள் வாரியாக ஒவ்வொரு ஃபோல்டராகப் பார்த்துக் கூட்டினால் டிஸ்கில் பாதிகூட வரவில்லை. டிஸ்கோ, மூச்சு விட இடமில்லை என்கிறது. மீதிப் பாதி எங்கே? வைரஸா? தேடியாயிற்று, இல்லை. ரீசைக்கிள் பின்னும் காலி.

முதலாளி முத்திருளன் அண்ணனுக்குச் சந்தேகமே இல்லை. “எவனோ படம் எறக்கிப் பதுக்கி வச்சிருக்கான். வேற யாரு, சிவபாண்டியாத்தான் இருக்கும். பொங்கலுக்குள்ள கண்டுபிடிச்சுச் சொல்லு. இல்லேன்னா அவனை நிப்பாட்டிருவேன்.”

கண்டுபிடிக்காவிட்டால் என்னையல்லவா நிறுத்த வேண்டும்? கேட்கவில்லை. வாயில் கொழுக்கட்டை.

24 டிசம்பர்

கேட்டேவிட்டேன். “அண்ணே, படம் ஏதும் வச்சிருக்கீங்களா?” சிவபாண்டி எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினான். “ஒக்காந்து பாரு. எம்புட்டு நேரம் வேணாலும் பாரு.” பார்த்தேன். எல்லாம் வேலை. ஒரே ஒரு ஃபோல்டரில் அவன் பெண்டாட்டி பவதாரிணியின் வளைகாப்பு போட்டோ.

அவளுக்குத் தையில் தலைப்பிரசவம். இந்த நேரத்தில் வேலை போய் மாமனார் முகத்தில் முழிப்பதற்கு நாண்டுக்கிட்டுச் சாகலாம் என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குத்தான் ஒரு மாதிரி ஆயிருச்சு. நான் ஏன் கேட்டேன்? அவனைப் போய்?

27 டிசம்பர்

கடையின் பொங்கல் வாழ்த்து பேனர் தயார். நடுவில் முதலாளி கும்பிட்டபடி, ஆளுயரத்தில். சுற்றிலும் வட்ட வட்டமாக ஊழியர்கள். என் முகமும் உண்டு. (அம்மாவிடம் சொல்லக் கூடாது. வரன் பார்க்கிற நேரத்தில் பொண்ணு மொகத்தை ரோட்டில் கட்டுவதா என்று ஆரம்பிப்பாள்.)

சிவபாண்டி இல்லை.

நேற்று வரை இருந்தான். நானே பார்த்தேன். அப்படியானால் விசாரணைக்கு முன்பே தீர்ப்பு எழுதியாச்சு. நான் எதற்கு, சாட்சிக் கையெழுத்துப் போடவா? பத்திக்கிட்டு வருது.

29 டிசம்பர்

கிடைச்சிருச்சு!

ஒரே ஒரு ஃபோல்டரைத்தான் நான் கூட்டாமல் விட்டிருக்கிறேன். சர்வர் வாங்கிய அன்று அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, முதலாளி தன் குலசாமி பெயரில் முதல் ஃபோல்டரைத் திறந்தாராம்: முனியாண்டி. உள்ளே ஒரு சாமி படம் இருக்கும் என்பது கடையில் எல்லாருடைய நினைப்பும். யாரும் தொடுவதில்லை. முனியாண்டி எங்கள் வீட்டுச் சாமிகூடக் கிடையாது, நாங்கள் சௌராஷ்டிரா. ஆனாலும் நான் தொடவில்லை. எம்.சி.ஏ. படித்த லட்சணம்!

கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் திறந்தேன். சாமி படம் இருந்தது. அதன் கீழே மூன்று வருஷத்துப் பேனர்கள்.

எங்கள் கடையில் பேனர் அடிப்பதைவிட முகம் எடுப்பதுதான் பெரிய வேலை. சீர் சரியில்லையா, தாய்மாமன் முகத்தை எடு. பத்திரிகையில் பெயர் விட்டுப் போச்சா, பெரியப்பா முகத்தை எடு. இந்தப் பஞ்சாயத்தை முதலாளியே தன் ரூமில் வைத்து முடிப்பார். எடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் முழுப் பேனரையும் முனியாண்டியிடம் ஒப்படைத்திருக்கிறார். ஒரே காதுகுத்துக்கு, பெரியப்பா இருப்பது ஒன்று, பெரியப்பா போனது ஒன்று, பெரியப்பா திரும்பி வந்து மாமா போனது ஒன்று.

கடைசியில் எங்கள் பொங்கல் பேனர். சிவபாண்டி பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான்.

31 டிசம்பர்

டீ நேரத்தில் முதலாளி எல்லார் முன்னாலும், “என்ன ஸ்வப்னா, சிவபாண்டிதானே?” என்றார். தனியாகச் சொல்லியிருக்கலாம். அவர் தனியாகக் கேட்டிருக்கலாம். “இல்லண்ணே, நீங்கதான்” என்று சொல்லிவிட்டேன்.

திறந்து காட்டினேன். முதலாளி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். “சண்டை போட்டவுக நாளைக்குச் சேந்துக்கிருவாகம்மா. அப்ப அந்த மொகத்துக்கு நான் எங்கிட்டுப் போறது?”

“சரிண்ணே, அதுக்காக இம்புட்டா?”

“சாமி ஃபோல்டர் எப்படிம்மா எடத்தை அடைக்கும்?” நிஜமாகவே கேட்டார். யாரோ சிரித்தார்கள். முதலாளி டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனார்.

3 ஜனவரி 2008

எல்லாப் பழைய பேனரையும் வேறு டிஸ்குக்கு மாற்றினேன். சர்வரில் பாதி இடம் காலி. இனி அந்த ஃபோல்டரில் எதையும் வைக்க வேண்டாம் என்று முதலாளியிடம் சொன்னேன். தலையாட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

15 ஜனவரி

பொங்கல். பஸ் ஸ்டாப்பில் கடை பேனர். முதலாளிக்குப் பக்கத்திலேயே சிவபாண்டி. அப்பாடா.

என்னைக் காணோம். இரண்டு தடவை தேடினேன்.

18 ஜனவரி

“கொஞ்ச நாளைக்கு வர வேணாம்மா, வேலை இருந்தா கூப்பிடுறேன்” என்றார் முதலாளி. எம்புட்டு மரியாதையா வெளிய அனுப்புறாரு! அழக் கூடாது என்று நினைத்தேன். பஸ்ஸில் அழுதேன்.

வீட்டுக்கு வந்தால் சிவபாண்டி போன். பெண் குழந்தையாம். பிறகு குரலைத் தாழ்த்தி, “கவலைப்படாத. ஒன் மொகத்தை முனியாண்டிகிட்டத்தான் வச்சிருக்காரு, நான் பாத்தேன்” என்றான்.

வைக்க வேணாம்னு சொன்ன எடத்துலயே.

2 பிப்ரவரி

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். வேலை போனதால் இல்லையாம், பேனரில் நான் இல்லாததால்.

12 ஏப்ரல்

வேறு வேலைக்கு மனுப் போட்டுவிட்டு வரும்போது, ஆரப்பாளையத்தில் பஸ் நின்றது. நீர்மோர்ப் பந்தல், எங்கள் கடை உபயம். பேனரில் முதலாளிக்கு வலது பக்கம் என் முகம். சிவபாண்டியைவிடப் பெரிசு. கிட்டத்தட்ட முதலாளி அளவுக்கு.

இம்புட்டுப் பெரிசாப் போட்டிருந்தால் சர்வரில் துளி இடம் மிச்சமிருக்காது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் போன் அடித்தது. “ஸ்வப்னா, சாப்ட்டியாம்மா?” என்கிறார் முதலாளி.