வளைகாப்புச் சந்தனம்

நிலாக் குடியிருப்பு, மூன்றாம் கூடம். வீட்டுச் சுகாதாரப் பதிவு. எழுதுவது செண்பகவல்லி, இல்லத்தரசி.

செவ்வாய், காலை 5.40
விளக்கேற்றி முருகனைக் கும்பிட்டாயிற்று. காற்று சரி. தண்ணீர் சரி. என் மணிக்கட்டுக் கட்டி அமுங்கிவிட்டது. இன்னும் கொஞ்சம் கசிகிறது. வீட்டுக்காரருக்குக் கொடுத்ததில் மிஞ்சிய, கிருமியைக் கொல்லும் மஞ்சள் நிற மாத்திரையைப் போட்டேன், வலி போனதும் நிறுத்திவிட்டேன். மீதி டப்பாவில் பத்திரம்.
இன்று அடுத்த அறைத் தேன்மொழிக்கு வளைகாப்பு. முதல் சந்தனம் நான்தான் பூச வேண்டுமாம். புண்ணோடு மங்கல காரியத்தில் கைவைக்கக் கூடாது. சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டால் யாருக்குத் தெரியும்?

வெள்ளி, காலை 9.15
தேன்மொழியின் இரண்டு கையிலும் சீழ்க் கொப்புளம். அதே கிண்ணத்துச் சந்தனத்தைத் தொட்ட பெண்களுக்கும். அவரவர் அறையில் அடைத்துவிட்டார்கள். ஒலிபெருக்கியில் டாக்டர் ரெஹானா:
"தண்ணிக் குழாய் மேலதான் சந்தேகம். யாருக்காவது முன்னாடியே கட்டி இருந்துச்சா? மாத்திரை ஏதும் போட்டீங்களா? சொல்லிடுங்கம்மா, திட்ட மாட்டேன்."
பதில் பேசும் பொத்தானில் விரல் வைத்தேன். எடுத்துவிட்டேன்.

வெள்ளி, மாலை 6.30
தேன்மொழிக்குக் காய்ச்சல். எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று காட்டும் கருவி பழுது. எல்லாருக்கும் மஞ்சள் மாத்திரையே கொடுக்கிறார்கள். அரைகுறையாய்ப் போட்டால் தப்பிய கிருமி அந்த மருந்துக்கு அடங்காது. நானே தேடிப் படித்ததுதான். படித்து என்ன? சாமி படத்தின் முன் உட்கார முடியவில்லை.

சனி, காலை 7.05
தேன்மொழி மருத்துவ அறையிலிருந்து கூப்பிட்டாள். மூச்சு வாங்குகிறது.
"அத்தை, உங்க கையிலதான் ஏதோ இருந்துச்சுன்னு வளைகாப்புக்கு வந்த அந்தச் சுகந்தி சொல்றா. விட்டேனா? 'எங்க அத்தை அடுப்பையே மூணு தடவ தொடைக்கிறவங்க, மொதல்ல உன் வாயக் கழுவு'ன்னுட்டேன். மாத்திரை கேக்கவே மாட்டேங்குது அத்தை. புள்ள அசையறது கொறஞ்சிருக்கு. சாமிகிட்ட கேளுங்க."
கேட்கிறேன் என்றேன். அதுவும் பொய்.

சனி, 7.20
டாக்டரின் தனி இணைப்பு கிடைக்கவில்லை. பொது ஒலிபெருக்கி ஒன்றுதான். எல்லா அறையிலும் கேட்கும். அழுத்திவிட்டேன். கட்டி, மாத்திரை, தலைப்பு, சந்தனம். எல்லாம் சொன்னேன்.
டாக்டர்: "மருந்த மாத்துறேன். நேத்தே சொல்லியிருந்தா..."
பிறகு தேன்மொழி: "அத்தை, சும்மா இருங்க. யாரையோ காப்பாத்த நீங்க பழிய ஏத்துக்காதீங்க."
நம்பமாட்டேன் என்கிறாள். திரும்பவும் சொல்ல வேண்டும். இந்த முறை அவளிடமே. பொத்தானை மறுபடி அழுத்துகிறேன்.