பேத்தி பெயரில் ஒரு கட்டம்

ஐப்பசி 14, ஞாயிறு. சிதம்பரம்.

தைவானில் இருக்கும் பேத்தியின் பெயரைச் சீனத்தில் எழுத ஒன்றரை மாதமாகப் பழகுகிறேன். கடலூரிலிருந்து வந்த மச்சினன் நோட்டைப் பார்த்துவிட்டு, "நூடுல்ஸ் கடை போடப் போறீங்களா மாமா? போர்டு ரெடியா இருக்கே" என்றான். இந்நேரம் அவன் வாயாலேயே கடலூரில் கடையைத் திறந்திருப்பான்.

இன்று மகள் முதல்முறையாக எனக்கு வீடியோவில் குழந்தையைக் காட்டினாள். அவள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. எட்டு வருஷம் பேசவும் இல்லை. அந்த லட்சணத்தில் பேனாவும் கையுமாகக் கேமரா முன்னால் உட்கார்ந்தேன்.

பெயரில் ஒரு கட்டம் வரும். மூன்று பக்கம் போட்டு, உள்ளே இருப்பதை எழுதிவிட்டு, அடிக்கோட்டைக் கடைசியில்தான் இழுக்க வேண்டும். தமிழ் எழுதிப் பழகிய கை, பேனாவை எடுக்காமல் ஒரே சுற்றில் கட்டத்தை மூடிவிட்டது. ஆறு வயதுக் குழந்தை விழுந்து விழுந்து சிரித்து, காற்றில் விரலால் சரியாக எழுதிக் காட்டியது. மறுபடி எழுதினேன். கைதட்டியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு அம்மாவிடம் ஏதோ கேட்டது. அவளும் ஏதோ பதில் சொன்னாள்.

"என்னம்மா கேக்குறா?"

"நீங்க யாருன்னு கேக்குறாப்பா."

"நீ என்ன சொன்ன?"

"தமிழ்நாட்டுல தெரிஞ்சவங்கன்னு சொன்னேன்."

என் மகள் பொய் சொல்லி வளர்ந்தவள் இல்லை. "சரிம்மா" என்றேன். குழந்தை டாட்டா காட்டியது.

கோயிலிலிருந்து வந்த மனைவி, செருப்பைக்கூடக் கழற்றாமல், "பேத்தி என்ன சொன்னா?" என்று கேட்டாள்.

"கையெழுத்து சூப்பராம்" என்றேன்.