குருவிக்கு வைத்த வளையம்

வட்டுக்கோட்டை
07.01.2024

மதிப்புக்குரிய லவீனா மிஸ்ஸுக்கு,

முதலிலை ஒரு வெக்கக்கேட்டைச் சொல்லிப்போட்டுத்தான் சுகம் விசாரிக்கவேணும். உங்கடை குருவியின்ரை வளையத்தை நான் என்ரை மூக்கிலை போட்டுப் பாத்திட்டன்.

நான் ஆரெண்டு சொல்லேல்லை. மார்கழி மழைக்குத் தோட்டத்து வெங்காயம் அழுகினாப்பிறகு, கொடிகாமத்திலை உங்கடை குருவி ஆராய்ச்சிக்கு வலை கட்ட வாற சண்முகநாதன்ரை பெண்சாதி. திங்கள் விடிய வெளிக்கிட்டால் சனிக்கிழமைதான் வீட்டை வாறார். நேற்று வந்தவுடனை தோய்க்கவெண்டு சேட்டை எடுத்தன். பொய் சொல்லக்கூடாது, தோய்க்க முதல் மணந்தும் பாத்தனான். குருவிப் பீ மணம்தான். பொக்கற்றுக்குள்ளை சுருக்குக் கயிறு போட்ட, பூப்போட்ட சின்னத் துணிப்பை. அதுக்குள்ளை ஒரு வளையம். மோதிரம் எண்டால் பிறந்த பிள்ளைக்கும் காணாது. அப்ப மூக்குக்குத்தான் எண்டு முடிவு கட்டினன். இருபத்தெட்டு வருசத்திலை எனக்கு ஒரு தோட்டுச்சுரை வேண்டித் தராத மனுசன், ஆருக்கு மூக்குத்தி வேண்டினவர்?

இண்டைக்கு விடிய மருதனார்மடச் சந்தைக்குப் போய், கத்தரிக்காயைப் பாக்காமல் பொம்பிளையளின்ரை மூக்கையே பாத்துக்கொண்டு திரிஞ்சன். மரக்கறிக்காரி, "என்னக்கா, எனக்குச் சளி வடியுதோ?" எண்டு கேட்டுத் துடைச்சாள். திரும்பி வந்து என்ரை மூக்கிலையே போட்டன். போகேக்கை லேசாப் போச்சுது. வரேக்கை நல்லெண்ணெய் விடவேண்டி வந்துது. பிறகு கண்ணாடியைப் போட்டுப் பாத்தால் அதிலை இலக்கம் அடிச்சிருக்கு. மூக்குத்திக்கு ஆர் இலக்கம் அடிக்கிறது? இவரிட்டைக் கேட்டன். "குருவிக் காலுக்கு" எண்டார். அவ்வளவுதான்.

வீட்டிலை அவர் கதைக்கிறது மூண்டே மூண்டு கதை: சோறு, தேத்தண்ணி, படுக்கேக்கை லைற்றை நூர். ஆனா உங்கை கதைச்சபடிதான் நிக்கிறாராம். அந்தப் பக்கம் வந்து போன எங்கடை ஊர்ச்சனம் சொல்லுது. அதுதான் கேக்கிறன், மிஸ்ஸுக்கு எத்தினை வயது? கலியாணம் முடிஞ்சுதோ? குறை நினைக்காதேங்கோ, கறிப்பக்குவம் சொல்லுறதுக்கு வயது தெரியவேணும்.

எங்கடை கிணத்தடிக்கும் ரெண்டு குருவி வருது. ரெண்டுக்கும் நாடா மாதிரி நீள வால். புருசன் வெள்ளை, பெண்சாதி செம்மண் நிறம். அதுகள் ஒருத்தரும் வலை கட்டாமலே சேந்து திரியுதுகள்.

இந்தக் கடிதத்தை இவரிட்டைத்தான் குடுத்து விடுறன். கறிப்பக்குவம் எண்டு சொல்லியிருக்கு. சோத்துப் பருக்கையாலை ஒட்டியிருக்கிறன். ஒட்டாட்டிலும் பயமில்லை, பேப்பரிலை மரண அறிவித்தல் தவிர ஒண்டும் வாசியாத மனுசன்.

வளையத்தை இத்தோடை வைச்சிருக்கிறன். கழுவியிருக்கு.

இப்படிக்கு,
சண்முகநாதன்ரை மனுசி (ஒரே மனுசி)
நாகேஸ்வரி


கொடிகாமம்
13.01.2024

அன்புள்ள நாகேஸ்வரி அக்காவுக்கு,

வளையம் பத்திரமாக வந்து சேர்ந்தது. ஓர் இலக்கம் ஒரு குருவிக்கு மட்டும்தான் அக்கா. தொலைந்திருந்தால் நான் பலருக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும். மூக்கில் போட்ட விஷயத்தை மேலிடத்துக்கு எழுதவில்லை.

எனக்கு முப்பத்தாறு வயது. கலியாணம் ஆகவில்லை. இது கறிக்கு எப்படி உதவும் என்று தெரியவில்லை.

உங்கள் கிணற்றடிச் செய்தியை வாசித்துவிட்டுக் கதிரையிலிருந்து எழும்பிவிட்டேன். நான் இங்கே காத்திருப்பதும் அவற்றுக்காகத்தான். ஆனால் அவை புருசனும் பெண்சாதியும் அல்ல. இரண்டுக்கும் நீள வால் என்றால் இரண்டும் ஆண். பெண்ணுக்கு வால் குட்டை. வெள்ளை ஆண், குளிர்காலத்துக்குக் கடல் தாண்டி இந்தியாவிலிருந்து வருவது. செம்மண் நிறத்து ஆணால்தான் எனக்குத் தலையிடி. அவன் இந்த நாட்டிலேயே பிறந்து கடைசிவரை வெள்ளையாகாத உள்ளூர் வகையா, இல்லை வயது காணாததால் இன்னும் வெள்ளையாகாத விருந்தாளியா? சும்மா பார்த்துச் சொல்ல முடியாது. பிடித்து, செட்டையை அளந்து, ஓர் இறகு எடுத்துப் பார்த்தால்தான் வகை பிரிக்கலாம். செம்மண் சில அகப்பட்டிருக்கின்றன. பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு வெள்ளை வேண்டும். அதுதான் வலைக்கு வருகிறதில்லை.

இன்னொரு வேடிக்கை. அதற்குப் பெயர் ஈபிடிப்பான். ஆனால் ஈபிடிப்பான் குடும்பத்திலிருந்து அதை வெளியே எடுத்துவிட்டார்கள். கரிச்சான்தான் அதற்குக் கிட்டிய சொந்தம். காகம் தூரத்துச் சொந்தம்.

நீங்கள் கட்டிக் கொடுத்த கத்தரிக்காய்க் குழம்பு வெகு ருசி. சண்முகம் அண்ணை பாதியை எனக்குத் தந்துவிடுவார்.

அன்புடன்,
லவீனா


வட்டுக்கோட்டை
16.01.2024

லவீனா மிஸ்ஸுக்கு,

பொங்கல் வாழ்த்து பிந்தித்தான் வருது, ஆறினாலும் பொங்கல் பொங்கல்தானே.

"சண்முகம் அண்ணை" எண்டு எழுதியிருந்தியள். வாசிச்சுப்போட்டு நிம்மதியா ஒரு தேத்தண்ணி வைச்சுக் குடிச்சன். பாதி குடிக்கேக்கைதான் நினைவு வந்துது, கட்ட முதல் நானும் அவரை அண்ணை எண்டுதான் கூப்பிட்டனான். முப்பத்தாறு வயது கறிக்கு உதவாது மிஸ். என்ரை நித்திரைக்கும் உதவாது.

கத்தரிக்காய் அவருக்கெண்டு கட்டினது. இந்தமுறை அவருக்குப் பழகின உறைப்பிலும் கொஞ்சம் கூடப் போட்டிருக்கு. பாதி தந்தால் சாப்பிட்டுப் பாருங்கோ.

ரெண்டும் ஆம்பிளை எண்டு எழுதினது எனக்குப் பெரிய அடி. மூண்டு மாரியா நான் அதுகளுக்குக் குடும்பம் நடத்தினனான். வெள்ளை வரப் பிந்தினால், செம்மண்ணைப் பாத்து "உன்ரை மனுசனைக் காணேல்லையோடி?" எண்டு கேக்கிறனான். ஒரு ஆம்பிளையைப் பாத்து அப்பிடிக் கேட்டால் அது என்னைப் பற்றி என்ன நினைச்சிருக்கும்? வெளியிலை இருந்து வாறவன் வெள்ளை, அவனுக்காகத்தான் மிஸ்மார் கதிரையை விட்டு எழும்பீனம். இஞ்சையே கிடந்து வெயில் குடிக்கிறவன் செம்மண், அவன் தலையிடி. இது குருவியிலை மட்டும் இல்லை, என்ரை தங்கச்சி கனடாவிலை இருந்து வந்து நிக்கேக்கை எங்கடை வீட்டிலையும் பாத்தனான்.

பேர் ஈபிடிப்பான், ஆனா அந்தக் குடும்பத்திலை இல்லை. நல்ல கதை. ஊரிலை பேருக்குப் பெண்சாதியெண்டு கனபேர் இருக்கினம். அவையளையும் ஆரும் பிடிச்சு அளந்து எந்தக் குடும்பமெண்டு சொன்னால் புண்ணியம்.

இவர் பொங்கலுக்கு வீட்டிலை நிண்டவர். பானை ஒரு பக்கம் சரியுது, பாத்துக்கொண்டு நிக்கிறார். "சரியுதப்பா" எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் பிடிச்சிருப்பன். பொங்கல் அடுப்புக்குத்தான். பின்னேரம் கிணத்தடியிலை நிண்டு செம்மண்ணைப் பாத்து ஏதோ மெல்லமாக் கதைச்சார். நான் கிட்டப் போகக் கதை நிண்டுபோச்சு.

சுத்தி வளைக்காமல் கேக்கிறன். அவர் உங்கை என்னதான் கதைக்கிறவர்? எனக்குத் தராத கதையை ஆருக்குக் குடுக்கிறார்? மறையாமல் எழுதுங்கோ. நான் அஞ்சாம் வகுப்போடை நிண்டவள்தான், ஆனா எழுத்துக் கூட்டி வாசிப்பன்.

நாகேஸ்வரி


கொடிகாமம்
20.01.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உறைப்பு விளங்கியது. கண்ணீரோடு முழுவதையும் சாப்பிட்டேன்.

மறைக்காமல் எழுதுகிறேன். என்னோடு அண்ணை கதைப்பது வலையைப் பற்றியும் காற்றைப் பற்றியும்தான். உங்களைப் பற்றி ஒரு முறை கதைத்தார். "வீட்டிலை கதைக்கிறதுக்கு ஒராள் இருக்கிறா. நான் இடையிலை ஒரு சொல்லு வைக்க இடம் தேடுறதுக்குள்ளை விடிஞ்சிடும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

மற்றக் கதையெல்லாம் குருவிகளோடு. வலையில் சிக்கினதைக் கழற்றும்போது வாய் ஓயாது. ஆண் என்றால், "அசையாதை ராசா." பெண் என்றால், "அசையாதை ராசாத்தி, காலைத் தா, இந்தா முடிஞ்சுது." எதென்று தெரியாவிட்டால், "பிள்ளை." ஒருநாளும் மாற்றிச் சொல்லமாட்டார். ஏன் இவ்வளவு கவனம் என்று கேட்டேன். "ராசாத்தியை ராசா எண்டால் அதுக்கு நோகாதோ மிஸ்?" என்றார். இதைக் கேட்கத்தான் நானும் வேலையை விட்டு நிற்கிறனான்.

அன்புடன்,
லவீனா


வட்டுக்கோட்டை
21.01.2024

லவீனா மிஸ்ஸுக்கு,

கடிதம் கிடைச்சுது. குட்டை வால் குருவிகூட ராசாத்தி. நல்லது. என்னை அவர் கூப்பிடுறது பேருமில்லை, "இஞ்சேர்" எண்டு. அது எந்த வகையெண்டு உங்கடை புத்தகத்திலை இருந்தால் பாருங்கோ.

இந்தக் கிழமை உறைப்பு இல்லாமல் வைச்சிருக்கிறன். எழுத வேறை ஒண்டும் இல்லை.

நாகேஸ்வரி


கொடிகாமம்
27.01.2024

அன்புள்ள அக்காவுக்கு,

குழம்பில் உறைப்பு இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நான் ஏதோ நல்லது எழுதுவதாக நினைத்து உங்களை நோகப் பண்ணிவிட்டேன். குருவிகளைப் பற்றி எழுதத் தெரிந்த அளவுக்கு எனக்கு மற்றது தெரியாது அக்கா.

திங்கள் முதல் ஒரு கிழமை வேலையாகக் கொழும்பில் நிற்பேன். அண்ணையும் என் மாணவி பிரதீபாவும் வலைகளைப் பார்ப்பார்கள். வெள்ளை ஒன்று ஒவ்வொரு காலையும் வலைக்குக் கிட்ட வந்துவிட்டுத் திரும்புகிறது. அது அகப்பட்டால் என் இரண்டு வருட வேலை முடிந்துவிடும். நான் திரும்பி வந்ததும் நீங்கள் ஒருநாள் இங்கே வரவேண்டும். உங்களைப் பார்க்க ஆசை.

லவீனா


வட்டுக்கோட்டை
04.02.2024

அன்புள்ள லவீனாவுக்கு,

நீங்கள் வந்தாப்பிறகு வரச்சொல்லி எழுதினியள். நான் நீங்கள் இல்லாத நேரம் பாத்து வந்து போட்டன். நீங்கள் பக்கத்திலை நிண்டால் அவர் உங்களுக்குக் கேக்கட்டும் எண்டு கதைக்கிறாரோ எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? ஆருமில்லாத நேரமும் வாய் திறக்கிறாரோ எண்டு பாக்கவேணும்.

புதன்கிழமை முதல் பஸ் எடுத்தன். நீலச் சாறி, பெரிய கொண்டை. கொண்டையிலை பாதி என்ரை, பாதி கடையிலை வேண்டினது. குட்டை வாலியளை விடக் குறைஞ்சு போகக்கூடாது எண்டுதான். கொடிகாமத்திலை இறங்கி, விசாரிச்சு, தென்னங்காணிக்குப் பின்பக்கத்தாலை பத்தைக்கு மறைவா வந்தன். அவரின்ரை குரல் கேட்டுது. அதுக்குள்ளை சிரிப்பும் கிடந்துது. அந்தக் குரலை நான் கலியாணம் கட்டின புதிசிலை கேட்டது. என்ன சொல்லுறார் எண்டு விளங்கேல்லை, கொஞ்சம் கிட்டப் போனன். முன்னுக்கு ஒண்டும் இல்லை, வெறும் காத்து. அந்தக் காத்துத்தான் உங்கடை வலை.

முகம், கை, தோடு, கொண்டை எல்லாம் மாட்டுப்பட்டுது. சாப்பாட்டுப் பெட்டியும் மாட்டுப்பட்டுது. இழுக்க இழுக்கக் கூடச் சுத்துது. தலையை ஒரு மாதிரித் திருப்பிப் பாத்தால், என்ரை மூக்குக்கு ஒரு முழம் தள்ளி வெள்ளை தொங்குது. கறுத்தத் தலை, கண்ணைச் சுத்தி நீலம், வால் முழுக்க நூலுக்குள்ளை. அது என்னைப் பாத்துது. நான் அதைப் பாத்தன். ரெண்டு பேருக்கும் ஒரே கோலம்.

பிரதீபா தூரத்திலை இருந்து "அண்ணை, வெள்ளை, வெள்ளை" எண்டு கத்திக்கொண்டு வந்தாள். இவர் ஓடி வந்தார். வெள்ளையைப் பாத்தார். என்னைப் பாத்தார். ஏன் வந்தனி எண்டு கேக்கேல்லை. "அசையாதை ராசாத்தி" எண்டார்.

எனக்கோ குருவிக்கோ எண்டு அந்த நேரமும் எனக்குச் சந்தேகம்தான். பிறகு யோசிச்சன். வெள்ளை ஆம்பிளை எண்டு எழுதினது நீங்கள். இவர் ஒருநாளும் மாத்திச் சொல்லமாட்டார் எண்டு எழுதினதும் நீங்கள். படிச்சவை எழுதினால் சரியாத்தான் இருக்கும்.

முதலிலை தோட்டைக் கழட்டினார். பிறகு விரலை ஒவ்வொண்டா எடுத்தார். "கையைத் தா. இந்தா, முடிஞ்சுது." கன்னத்திலை ஒட்டின நூலை ஊதி ஊதி எடுத்தார். பிரதீபா "அண்ணை, முதல் குருவியைப் பாருங்கோ" எண்டாள். "அது பொறுக்கும். உவ பொறுக்கமாட்டா" எண்டார். அந்தச் சொல்லுக்கு நான் வலையுக்குள்ளை இன்னும் கொஞ்சம் நிண்டிருப்பன், கால் உளைஞ்சது.

கடைசி நூலை எடுக்கேக்கை, நான் பலமா விழுந்து வலையைக் கிழிச்சுக்கொண்டு வெளியிலை வந்தன். வலையிலை இப்ப ஒரு ஓட்டை இருக்கு. என்ரை அளவு. அதாலை வெள்ளையும் போட்டுது. வால் கூட முட்டேல்லை.

இது உங்களுக்கு எவ்வளவு பெரிய நட்டம் எண்டு எனக்குத் தெரியும். இவர் உங்களுக்குச் சொல்லப் பயந்து போனைத் தலையணைக்குக் கீழை வைச்சிருக்கிறார், அதுதான் நான் எழுதுறன். மன்னிப்புக் கேக்கிறன் லவீனா. அரை மனசோடைதான் கேக்கிறன். மற்ற அரை மனசு இன்னும் அந்த வலையுக்குள்ளை நிக்குது.

ஒரு வழி இருக்கு. எங்கடை கிணத்தடிக்கு ஒரு வெள்ளை பின்னேரத்திலை குளிக்க வாறதுதானே. வலையையும் தூக்கிக்கொண்டு, இவரையும் கூட்டிக்கொண்டு இஞ்சை வாங்கோ. ஒரு அறை சும்மா கிடக்குது. உங்களுக்கு உறைப்புக் குறைச்சுச் சமைச்சுத் தருவன், பாதிச் சாப்பாடு இல்லை, முழுச் சாப்பாடு. எங்கடை செம்மண்ணையும் பிடிச்சு அளந்து ஊரவனோ விருந்தாளியோ எண்டு சொல்லுங்கோ. ஊரவன் எண்டால் எனக்குப் புழுகம், துள்ளுவன். விருந்தாளி எண்டாலும் தொட்டியிலை தண்ணி இருக்கும்.

வீட்டை வந்தாப்பிறகு கதைக்கிறாரோ எண்டு கேப்பியள். நான் இடைக்கிடை வாயை மூடி இடம் விட்டுப் பாக்கிறன், கஷ்டமாத்தான் இருக்கு. நேற்று நாலு கதை வந்துது. சோறு, தேத்தண்ணி, லைற்றை நூர். நாலாவதை எழுதமாட்டன்.

கடிதத்தை இவரிட்டைத்தான் குடுத்து விடுறன். இந்தமுறை ஒட்டேல்லை.

அன்புடன்,
நாகேஸ்வரி அக்கா

பி.கு. குருவியைப் போட்டு நிறுக்கிறதுக்கு ஆணியிலை தொங்கிற துணிப்பையளுக்குள்ளை கை விடேக்கை கவனம். பெரிய பையிலை இருக்கிறது குருவி இல்லை, என்ரை கடைக் கொண்டை. வலையிலை இருந்து கழட்டின கையோடை இவர் பழக்கத்திலை பையுக்குள்ளை போட்டுக் கொழுவிப்போட்டார். பிரதீபாவும் பழக்கத்திலை நிறுத்து எழுதிப்போட்டாள். கழுவத் தேவையில்லை, அப்பிடியே குடுத்து விடுங்கோ.